நிற்கச் சொன்ன இடம்

எனக்குக் கல்யாணமானது அறுபதுகளின் கடைசியில். பிறந்த வீடு திருக்கோஷ்டியூர் பக்கம். நெல்லும் கடலையும் போடுகிற குடும்பம். வாழ்க்கைப்பட்டது தெற்கே, தீப்பெட்டி செய்கிற ஊர் ஒன்றில். என் கணவருக்கு மருந்துக் கம்பெனியில் வேலை. ஊர் ஊராகப் போய் டாக்டர்களைப் பார்த்து, இந்த மாத்திரை வந்திருக்கிறது, இந்த டானிக் வந்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். கனமான கறுப்புத் தோல் பை ஒன்று வைத்திருப்பார். அந்தப் பை கூடத்தில் இருந்தால் அவர் வீட்டில் இருக்கிறார் என்று அர்த்தம். மாதத்தில் பாதி நாளுக்கு மேல் அது இருக்காது.

மாமியார் வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அது நிறைய ஆள் இருக்கிற வீடு. அவர் சனிக்கிழமை சாயங்காலம் வந்தால் அவரைச் சுற்றி அம்மா, தங்கைகள், சித்தப்பா என்று எல்லாரும் உட்கார்ந்து விடுவார்கள். திங்கட்கிழமை விடியும்போது கிளம்பி விடுவார். நடுவில் எங்களுக்கென்று கிடைத்த பேச்சு ரொம்பக் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தையே அடுத்த முறை அவர் வரும்வரை மனசுக்குள் போட்டுக் கேட்டுக் கொண்டிருப்பேன். கேட்பதற்கு நன்றாகவும் இருக்கும். அவர் குரல் அப்படி. கனமாக, தெளிவாக, பக்கத்து அறையிலிருந்து பேசினாலும் ஒவ்வொரு எழுத்தும் விழும். தான் பார்க்கிற டாக்டர்களைப் போலவே பேசிக் காட்டுவார். மூக்கால் பேசுகிறவர், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு தரம் கனைக்கிறவர், நோயாளியைத் திட்டுகிற மாதிரியே ஆறுதல் சொல்கிறவர் என்று எல்லாரும் எங்கள் கூடத்துக்கு வந்து போவார்கள். மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக் கொண்டு சிரிப்பார்.

ஒருநாள் அவருக்குச் சாப்பாடு போட்டுக் கொண்டே கேட்டு விட்டேன்.

"ஒரு தடவ என்னையும் கூட்டிக்கிட்டுப் போறீகளா?"

"எங்க? லாட்ஜுக்கா? அங்க உனக்கு என்ன இருக்கு?"

"நீங்க இருக்கீகள்ல."

அவர் சாதத்தைப் பிசைவதை நிறுத்தி விட்டு என்னைப் பார்த்தார். கூடத்தில் இருந்த மாமியார்தான் குரல் கொடுத்தார். "போயிட்டு வரட்டும்டா. இங்க இருந்து அது என்னத்தக் காணுது?" அந்த ஒரு சொல்லுக்காக இன்றைக்கும் அவரை நினைத்துக் கொள்கிறேன்.

அப்படித்தான் நான் லாட்ஜ் அறைகளில் குடித்தனம் நடத்த ஆரம்பித்தேன். எல்லா முறையும் போக முடியாது. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தரம், ஒரு வாரம் பத்து நாள். இரும்புக் கட்டில், இலவம்பஞ்சு மெத்தை, ஒரு ஜக்கு, சுவரில் ரசம் போன கண்ணாடி. காலையில் அவர் டை கட்டிக் கொண்டு கிளம்பினால் மத்தியானம் சாப்பிட வருவார். பிறகு சாயங்காலம். நடுவில் நான் துணி துவைத்து ஜன்னல் கம்பியில் காயப் போடுவேன், கையில் கொண்டு போன பத்திரிகையை இரண்டாம் முறை படிப்பேன். யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். யார் வருகிறார்கள் என்று முந்தானையைச் சரி செய்து கொண்டு எழுந்திருக்க வேண்டாம். சாயங்காலமானால் அவர் எனக்காக மட்டும் வருவார்.

முதல் முறை போனபோதே ஒன்று கவனித்தேன். அறைச் சாவியை வாங்கியதும் பையை வைத்து விட்டு உட்கார மாட்டார். அறை வாசலில் நின்று கண்ணை மூடிக் கொள்வார். வலது கையைச் சுவரில் வைத்துத் தடவிக் கொண்டே தாழ்வாரத்தில் நடப்பார், மாடிப்படி வரைக்கும். பிறகு திரும்பி வந்து மறு பக்கம் நடப்பார். வேறு வழி இருக்கிறதா, அது திறக்கிறதா என்று தள்ளிப் பார்ப்பார். எதிர் அறைக்காரர்கள் கதவைத் திறந்து பார்ப்பார்கள். எனக்கு மானம் போகும்.

"ஊருக்கு வந்தா எல்லாரும் கோயிலப் பாப்பாக. நீங்க படியப் பாக்குறீக" என்றேன்.

"நீயும் வா. கண்ண மூடிக்க. சுவத்துல கைய வை."

"எனக்கு வேண்டாம். யாராவது பாத்தாச் சிரிப்பாக."

"சிரிக்கட்டும்."

வேறு வழியில்லாமல் நானும் நடந்தேன். அவர் பின்னால் என் தோளைப் பிடித்துக் கொண்டு வந்தார். உண்மையைச் சொன்னால் அதற்கப்புறம் ஒவ்வொரு ஊரிலும் அந்த நடைக்காகக் காத்திருந்தேன். பட்டப்பகலில், ஒரு தாழ்வாரத்தில், கணவர் என் தோளில் கை வைத்துக் கொண்டு வருவது வேறு எங்கே எனக்குக் கிடைக்கும்?

காரைக்குடியில் அவர் வழக்கமாகத் தங்கும் லாட்ஜ் பஸ் நிலையத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது. கீழே சாப்பாட்டுக் கடை, மேலே அறைகள். முன்பக்கம் மரப்படி. தாழ்வாரம் முன்னாலிருந்து பின்னால் வரை நீளமாக ஓடும். தரை முழுக்க ஆத்தங்குடிக் கல். வெயில் காலத்திலும் காலுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். எங்கள் அறை பின்பக்கம். அதைத் தாண்டினால் ஒரு ஜன்னல், ஒரு கதவு, குடிதண்ணீர்ப் பானை, பிறகு ஒரு திருப்பம். திருப்பத்தில் ஒரு மரக்கதவு. அந்தக் கதவுக்கு வெளியே சுற்றிச் சுற்றி இறங்குகிற இரும்புப் படி, பின்சந்துக்கு. கக்கூஸ் கழுவ வருகிறவர்களுக்காக வைத்தது. கதவில் பெரிய பூட்டு தொங்கியது. கதவை மறைத்துச் சுருட்டிய மெத்தைகளும் காலி எண்ணெய் டின்களும் அடுக்கியிருந்தன.

நான் முதல் தடவை அங்கே போனபோது என் கணவர் நேரே கீழே போய் மேனேஜரைக் கூட்டிக் கொண்டு வந்து விட்டார்.

"அண்ணே, இதத் தொறக்கணும்."

மேனேஜர் வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கினார். "எதுக்கு சார்? இங்குட்டு யாரு வரப்போறா? பூட்டாட்டி களவாணிப்பய ஏறி வந்துருவான்."

"பூட்ட வேண்டாம், உள்பக்கம் தாப்பாப் போடுங்க. வெளிய இருந்து எவனும் வர முடியாது. உள்ள இருக்கவன் போகலாம்."

"உள்ள இருக்கவுக முன்னாடி வழியாப் போவாக."

"முன்படி மரம்ண்ணே. கீழ அடுப்பு. அது பத்திக்கிச்சுன்னா?"

"இத்தன வருசமாப் பத்தல."

என் கணவர் சட்டைக் கையை மடித்து விட்டுக் கொண்டு மெத்தைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி எதிர்ச்சுவர் ஓரம் வைக்க ஆரம்பித்தார். டை வேறு தொங்கிக் கொண்டிருந்தது. மேனேஜர் கொஞ்ச நேரம் பார்த்தார். "அட விடுங்க சார், உங்களோட பெரிய ரோதன" என்று சொல்லி விட்டு ஆளைக் கூப்பிட்டு டின்களை எடுக்கச் சொன்னார். பூட்டையும் கழற்றிக் கொண்டு போனார். போகும்போது என்னைப் பார்த்து, "வீட்லயும் இப்படித்தானாம்மா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்து விட்டது.

அன்று சாயங்காலம் மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தோம். சுற்றிலும் பெரிய வீடுகளின் ஓட்டுக் கூரைகள். கீழே கடையில் பணியாரம் சுடுகிற வாசனை. நான் கேட்டேன், "எதுக்குங்க இவ்வளவு பயம்?"

அவர் சொன்னார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் தன்னோடு இன்னொரு பையன் இருந்தானாம். இரண்டு பேரும் ஒன்றாகச் சுற்றுவார்களாம், அடுத்தடுத்த அறை எடுப்பார்களாம். மலையடிவாரத்தில் ஓர் ஊர். லாட்ஜில் தீப்பிடித்து விட்டது. விளக்கெல்லாம் அணைந்து புகை மண்டியபோது இரண்டு பேரும் அறையை விட்டு வெளியே வந்திருக்கிறார்கள். இவர் இடது பக்கம் திரும்பினார். அவன் வலது பக்கம் போனான். அந்தப் பக்கம் குளியலறை மட்டும்தான் இருந்தது.

"அவனுக்கு உடம்புல ஒரு காயம் இல்ல. புகைதான். கதவு எங்க இருக்குன்னு தெரிஞ்சிருந்தா வந்திருப்பான்."

அவர் குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. கை மட்டும் என் வளையலைத் திருகிக் கொண்டிருந்தது. பிறகு அவராகவே சொன்னார். புகை மேலேதான் நிற்கும், அதனால் தவழ்ந்து போக வேண்டும். வாயில் ஈரத்துணி. கதவைத் திறக்கும் முன் புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்; சுட்டால் திறக்கக் கூடாது. அறைக் கதவைச் சாத்தி விட்டுப் போக வேண்டும். எதையும் எடுக்க உள்ளே திரும்பக் கூடாது. கடைசியாக லாட்ஜ் வாசலுக்கு எதிர்ப்பக்கம் காட்டினார். சோடாக் கடை வாசலில் ஒரு பூவரச மரம் நின்றது.

"என்ன ஆனாலும் வெளிய வந்தா நீ அங்க நிக்கணும். நானும் அங்க வந்துருவேன். ஒருத்தர ஒருத்தர் தேடி உள்ள போகக் கூடாது. சரியா?"

"சரி" என்றேன். சொல்லும்போது எனக்கு அது ஏதோ சந்திக்க இடம் குறிக்கிற மாதிரி இனிப்பாக இருந்தது.

அடுத்த வருடம் வெயில் காலத்தில் அதே லாட்ஜில் தங்கியிருந்தோம். பக்கத்து அறையில் வலையபட்டி ஆச்சி ஒருவர் இருந்தார். நகரத்தார் வீடுகளில் கல்யாணமான எல்லாப் பெண்களும் ஆச்சிதான். இவருக்கு ஐம்பது வயது கூட இருக்காது. நல்ல கனத்த உடம்பு. படியில் விழுந்து கால் முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருந்தார். கட்டைப் பார்க்க டாக்டர் இரண்டு நாள் கழித்து வரச் சொன்னதால் வண்டியில் மறுபடி அலைய முடியாமல் தம்பியோடு இங்கேயே தங்கி விட்டார். நான் வந்த அன்றே கூப்பிட்டு வைத்துப் பேசினார். எங்கள் ஊர், என்ன சொத்து, எப்போது பிள்ளை பெறுவதாக உத்தேசம் என்று எல்லாம் கேட்டார். எனக்கும் பொழுது போயிற்று.

முன்படிக்குப் பக்கத்து அறையில் இளையாத்தங்குடி கோயிலுக்குப் போகிற ஒரு குடும்பம் வந்து இறங்கியிருந்தது. கைக்குழந்தை இருந்தது. அறையில் சமைக்கக் கூடாது என்று பலகை தொங்கினாலும் குழந்தைக்குப் பால் காய்ச்சுகிறோம் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? பம்பு ஸ்டவ் வைத்திருந்தார்கள்.

அன்று மத்தியானம் என் கணவர் இன்னும் சாப்பிட வரவில்லை. வாடகை சைக்கிள் எடுத்துக் கொண்டு செக்காலைப் பக்கம் ஒரு டாக்டரைப் பார்க்கப் போயிருந்தார். நான் படுத்திருந்தேன். டப் என்று ஒரு சத்தம். டயர் வெடித்தது என்றுதான் நினைத்தேன். பிறகு ஒரு பெண்ணின் அலறல். பிறகு ஓடுகிற காலடிகள், பாத்திரம் உருளுகிற ஓசை. எழுந்து உட்காரும்போதே கதவின் மேல் சந்து வழியாகப் புகை வந்து கொண்டிருந்தது. கறுப்பாக, எண்ணெய் நாற்றத்தோடு.

என்னை எழுப்பியது அவர் குரல்தான். அவர் அங்கே இல்லை. மாடியில் உட்கார்ந்து சொன்னது அப்படியே காதில் கேட்டது. ஜக்குத் தண்ணீரைத் துண்டில் ஊற்றி வாயைக் கட்டிக் கொண்டேன். புறங்கையால் கதவைத் தொட்டேன். சுடவில்லை. திறந்தேன். தாழ்வாரத்தின் முன்பாதி தெரியவே இல்லை. அந்தப் பக்கம் சிவப்பாக ஏதோ அசைந்தது. வெளியே வந்து கதவைச் சாத்தினேன். தரையில் விழுந்து வலது கையைச் சுவரில் வைத்தேன். ஜன்னல். அப்புறம் கதவு.

அது ஆச்சியின் அறைக் கதவு. உள்ளே இருமல் கேட்டது.

தள்ளித் திறந்தேன். ஆச்சி கட்டிலில் உட்கார்ந்து காலைக் கீழே இறக்கப் பார்த்துக் கொண்டிருந்தார். தம்பி சாப்பாடு வாங்கக் கீழே போயிருந்தார்.

"என்னாத்தா இது புகை?"

"தீப்பிடிச்சிருச்சு ஆச்சி. வாங்க, போயிருவோம்."

"இந்தக் கால வச்சுக்கிட்டு நான் எங்குட்டுப் போவேன்? நீ போ. ஏந் தம்பி வந்து தூக்கிக்குவான்."

"அவுக ஏற முடியாது ஆச்சி. முன்படிப் பக்கந்தான் எரியுது. எறங்குங்க."

"என்னையத் தூக்க உன்னால ஆகுமா? ஒடைஞ்சு போவ."

"தூக்கல. இழுக்குறேன்."

கட்டில் விரிப்பை உருவித் தரையில் போட்டேன். அவரைக் கக்கத்தில் கை கொடுத்து இறக்கி அதில் உட்கார வைத்தேன். மாவுக்கட்டு கட்டில் காலில் இடித்தது. ஆச்சி வலியில் என்னைத் திட்டிய திட்டு எங்கள் ஊர்ச் சந்தையில் கூடக் கேட்டதில்லை. விரிப்பின் இரண்டு முனையையும் பிடித்துக் கொண்டு, முட்டி போட்டபடியே பின்னால் நகர்ந்து இழுத்தேன். ஆத்தங்குடிக் கல் வழவழப்பு. சிமெண்டுத் தரையாக இருந்திருந்தால் அந்த உடம்பை என்னால் ஓரடி நகர்த்தியிருக்க முடியாது. பானை முதுகில் பட்டதும் அதில் இருந்த தண்ணீரை அப்படியே அவர் தலையில் கவிழ்த்தேன். "அடியே, குளிச்சுத்தானே இருக்கேன்!" என்று கத்தினார். அந்த நேரத்திலும் அதில் இருந்த வேடிக்கை எனக்கு உறைத்தது.

திருப்பம் வந்தது. மரக்கதவு. நாங்கள் வந்து தங்கிய ஒவ்வொரு தடவையும் என் கணவர் அதைத் திறந்து மூடிப் பார்த்திருக்கிறார். தாழ்ப்பாளை இழுத்தேன். திறந்து கொண்டது. வெயில் முகத்தில் அடித்தது. துண்டை இறக்கி மூச்சு வாங்கினேன்.

இறங்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. ஆச்சி உட்கார்ந்தபடி படி படியாக நகர வேண்டும். நான் கீழ்ப்படியில் பின்பக்கமாக நின்று கட்டுப் போட்ட காலைத் தாங்க வேண்டும். இரும்பு வெயிலில் காய்ந்து கொதித்தது. படி சுற்றிச் சுற்றி இறங்கியதால் கால் ஒவ்வொரு திருப்பத்திலும் கம்பியில் சிக்கியது. எத்தனை நேரம் என்று தெரியாது. மேலே கதவு வழியாகப் புகை வெளியே வர ஆரம்பித்திருந்தது. சந்தில் சாணி தட்டிக் கொண்டிருந்த ஒரு அம்மா ஓடி வந்து கீழிருந்து கை கொடுத்தார். ஆச்சியைச் சுவர் ஓரம் நிழலில் உட்கார வைத்தோம்.

"ஆச்சி, நான் வாசலுக்குப் போகணும். அவுக தேடுவாக."

"போ ஆத்தா, போ. ஓடு."

ஓடினேன். பின்சந்திலிருந்து வாசல் தெருவுக்கு நேர்வழி கிடையாது. பக்கத்தில் ஒரு செட்டியார் வீடு. எங்கள் ஊர்ப் பக்கச் செட்டியார் வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு தெருவில் வாசல், அடுத்த தெருவில் கொல்லை. அந்தச் சுவர் முழுக்க ஓடித்தான் வாசல் தெருவுக்குப் போக முடியும். செருப்பு இல்லை. ஓட ஓடச் சுவர் முடியவே இல்லை. அந்தச் சுவரை இப்போதும் கனவில் காண்கிறேன்.

பூவரச மரத்தடியில் நல்ல கூட்டம். சாப்பாட்டுக் கடை ஆட்கள் வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டு ஓடினார்கள். மேனேஜர் தலையில் கை வைத்துக் கொண்டு நின்றார். இளையாத்தங்குடிக் குடும்பம் முழுதாக வெளியே இருந்தது. அந்தத் தாய்க்குக் கையில் மட்டும் காயம். குழந்தையை யாரோ வைத்திருந்தார்கள். மரத்தின் அடியில் ஒரு சைக்கிள் தரையில் கிடந்தது. கைப்பிடியில் கறுப்புத் தோல் பை மாட்டியிருந்தது.

சோடாக் கடைக்காரர் என்னைப் பார்த்ததும் ஓடி வந்தார்.

"அம்மா! நீங்க வெளியவா இருக்கீக? உங்க வீட்டுக்காரரு உங்களத் தேடி உள்ள போயிட்டாரே!"

"எப்ப?"

"இப்பத்தான். வந்தாரு, இந்த எடத்தச் சுத்திச் சுத்திப் பாத்தாரு. எம் பொஞ்சாதிய இங்க பாத்தீகளான்னு கேட்டாரு. இல்லைன்னேன். நாங்க புடிக்கப் புடிக்க உதறிட்டுப் படியேறிட்டாரு."

நான் படியை நோக்கி ஓடினேன். இரண்டு பெண்கள் என்னைப் பிடித்துக் கொண்டார்கள். மரப்படியின் மேல்பாதி எரிந்து கொண்டிருந்தது. எனக்கு அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. அன்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கூப்பிட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை. எங்கேயோ தீயணைப்பு வண்டியின் மணி அடித்துக் கொண்டு வந்தது. பிடித்தவர்கள் விடவில்லை. அவர் நிற்கச் சொன்ன இடத்திலேயே, அவர் போட்டு விட்டுப் போன சைக்கிள் பக்கத்தில் நின்றேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

அவர் வாசல் வழியாக வரவில்லை. அந்த நீளச் சுவரின் முனையிலிருந்து வந்தார். முகமும் சட்டையும் கரி. ஒரு பக்கத்து மயிர் கருகியிருந்தது. சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தார். பிறகு தெரிந்து கொண்டேன். எரிகிற படியில் வாயைக் கூட மூடாமல் ஏறிப் போயிருக்கிறார். எங்கள் அறையைத் திறந்து கட்டிலுக்கு அடியில் தேடியிருக்கிறார், ஆச்சி அறையில் தேடியிருக்கிறார், குளியலறைக்கும் போயிருக்கிறார். கடைசியில் அந்தப் பின்கதவு வழியாக இறங்கியிருக்கிறார். சந்தில் உட்கார்ந்திருந்த ஆச்சி, "உம் பொண்டாட்டி வாசலுக்கு ஓடிருச்சுப்பா, நல்லா இருக்கு" என்று கையைக் காட்டியிருக்கிறார்.

என்னைப் பார்த்ததும் நின்றார். கூப்பிட வாயைத் திறந்தார். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. மறுபடியும் திறந்தார். நான் ஓடிப் போய்த் தாங்கிக் கொண்டேன். தெருவில் அத்தனை பேர் பார்க்க என் தோளில் சாய்ந்து விட்டார்.

அவருக்கு வைத்தியம் பார்த்தது, அவர் அன்று காலையில் பார்த்து விட்டு வந்த அதே டாக்டர். மூக்கால் பேசுகிறவர். உள்ளே தொண்டை வெந்திருக்கிறது என்றார். "ஒரு மாசம் வாயத் தெறக்கக் கூடாதுய்யா. ஒரு வார்த்த பேசினா என்கிட்ட வராத" என்று மூக்கால் மிரட்டினார். என் கணவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அந்தக் குரலை அவர் செய்து காட்டுவதை நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அதற்கப்புறம் கேட்கவில்லை.

மாசம் முடிந்து அவர் முதலில் சொன்னது என் பேர். காய்ந்த பனையோலை உரசுகிற மாதிரி இருந்தது. சரியாகி விடும், சரியாகி விடும் என்று எல்லாரும் சொன்னார்கள். டாக்டர் மட்டும் சொல்லவில்லை. ஒரு வருடம் வைத்தியம் பார்த்தோம். குரல் அப்படியே நின்று விட்டது. கூட்டமான ஆஸ்பத்திரியில் நின்று மருந்தைப் பற்றிப் பேச அந்தக் குரல் போதாது. கம்பெனியை விட்டார். அந்த டாக்டரே சொல்லி வைத்துக் காரைக்குடியில் ஒரு மருந்துக்கடையில் வேலை கிடைத்தது. செக்காலையில் சின்னதாக ஒரு வாடகை வீடு பார்த்துக் குடி வந்தோம்.

காலையில் போய் மத்தியானம் சாப்பிட வந்து, சாயங்காலம் திரும்புகிற கணவர். மாமியார் வீட்டுக் கொல்லையில் நின்று நான் சாமிகளிடம் எதையெல்லாம் கேட்டேனோ, அத்தனையும் கிடைத்து விட்டது. எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் சில சாயங்காலங்களில் அவர் கடைக் கணக்கைப் பார்த்துக் கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். எனக்கு அவரைப் பார்க்க வேண்டும் போல மனசு ஏங்கும். பக்கத்தில் இருக்கிறவரைப் பார்க்க ஏங்குவது என்னவென்று யாரிடம் சொல்வது? அவர் யாரையும் போலப் பேசிக் காட்டுவதை விட்டு விட்டார். பேச்சையே குறைத்துக் கொண்டார். கொஞ்சம் நீளமாகப் பேசினால் இருமல் வரும். நான்தான் வீட்டில் பேசிப் பேசிப் பழகினேன்.

பிள்ளை பிறந்தான். அவனுக்கு அப்பாவின் குரல் என்றால் அதுதான். பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு ஒருநாள் கேட்டான், "அம்மா, அப்பாவுக்கு முன்னாடி வேற கொரலா இருந்துச்சாமே, எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருக்கும்" என்றேன்.

"எப்படி நல்லா?"

ரேடியோவில் செய்தி வாசிக்கிறவரைச் சொன்னேன். கோயில் மணி என்றேன். எதுவும் அது இல்லை. கண்ணை மூடிக் கேட்க முயன்றேன். அவர் சொன்ன வார்த்தைகள் எல்லாம் வந்தன. குரல் வரவில்லை. எந்த நாளில் அதைத் தொலைத்தேன் என்றும் தெரியவில்லை. அன்று அடுப்படியில் உட்கார்ந்து ரொம்ப நேரம் அழுதேன்.

எழுபதுகளின் கடைசியில் வலையபட்டி ஆச்சி தன் மகள் கல்யாணத்துக்கு எங்களை அழைத்தார். கால் சரியாகி நன்றாக நடமாடிக் கொண்டிருந்தார். அந்தப் பெரிய வீட்டில் வருகிறவர் போகிறவர்களிடமெல்லாம் எங்களை நிறுத்தி வைத்து, "என்னையத் தரையோட இழுத்துட்டு வந்த பொண்ணு இதுதான். இதத் தேடி நெருப்புக்குள்ள போனது இவருதான்" என்று சொல்லிக் கொண்டிருந்தார். எங்கள் இரண்டு பேருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. பந்தி முடிந்த பிறகு ஆச்சி என் கணவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏன் தம்பி, அம்புட்டு வெவரம் தெரிஞ்சவுக நீங்க. எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தவுக. அன்னைக்கு எதுக்கு உள்ள போனீக?"

என் கணவர் அந்த உரசுகிற குரலில் சொன்னார்.

"நிக்கச் சொன்ன எடத்துல இவளக் காணோம் ஆச்சி. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல."

ஆச்சி என் கையைப் பிடித்துக் கொண்டார்.

சாயங்கால பஸ்ஸில் ஊர் திரும்பினோம். மழை பெய்து முடிந்திருந்தது. கண்மாயெல்லாம் நிறைந்து, கரைப் பனைகள் தண்ணீரில் தலைகீழாக நின்றன. பிள்ளை என் மடியில் தூங்கி விட்டான். அவரும் கொஞ்ச நேரத்தில் என் தோளில் சாய்ந்து தூங்கிப் போனார். மூச்சு மட்டும் மெல்லியதாகக் கரகரத்தது. முன்சீட்டுக்காரர் காரைக்குடி வர இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று கண்டக்டரைக் கேட்டார். "அந்தா, வந்துருச்சு" என்றார் கண்டக்டர். எனக்கு, பஸ் இன்னும் கொஞ்சம் சுற்றிப் போனால் என்ன என்று இருந்தது.